இரண்டு பதினாலாம் நம்பர்

பிரேமாவதி அந்தப் பெண்ணை முதல் முறை பார்த்தபோது காலை மணி பத்தேகால். குருணில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில், அவர்கள் பேச்சில் கிலாங்கில், அது தேநீர் இடைவேளை. ஒரு கையில் கறிபஃப், இன்னொரு கையில் கைப்பேசி. மெர்போக்கில் தனியாக இருக்கும் அப்பா பழனியாண்டியின் வீட்டுக் கூடத்தில் அவள் ஒரு கேமரா வைத்திருந்தாள். இடைவேளை விட்டதும் அதைத் திறந்து, கிழவர் நாற்காலியில் இருக்கிறாரா, கீழே விழுந்து வைத்தாரா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் எதையும் வைப்பாள். அன்று திறந்தால் நாற்காலியையும் காணோம், அப்பாவையும் காணோம். பச்சைத் திரைச்சீலை தொங்கியது. ஒரு தையல் மெஷின் இருந்தது. அதன் முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், தன் வீடு போல உட்கார்ந்து, யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பிரேமாவதி உடனே அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, வூட்ல யாரு?"

"நான்தான்."

"வேற யாரு?"

"வேற யாரு இருக்கப்போறா? செத்துப்போன உங்கம்மாவா வந்து உக்காந்திருக்கா?"

"தையல் மெஷின் எங்கேருந்து வந்திச்சி?"

"தையல் மெஷின் வேணும்னா பாசாருக்குப் போய்ப் பாரு. என்னை ஏன் கேக்குற?" என்று சொல்லிக் கிழவர் போனை வைத்துவிட்டார்.

மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் மறுபடியும் திறந்தாள். அப்பா தன் பழைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணும் இல்லை, மெஷினும் இல்லை. கறிபஃப்பை அப்படியே தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரேமாவதியின் பிழைப்பே கண்ணால்தான். கார்களுக்குள் போகும் ஒயர்க் கட்டுகளை அந்தக் கிலாங்கில் செய்கிறார்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அதில் நிறம் மாறிய ஒயர், இறுகாத முனை, கீறல் விழுந்த பிளாஸ்டிக் என்று குற்றம் கண்டுபிடித்து எடுத்து வைப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். புதிதாக வரும் பிள்ளைகள் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அது தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. வீட்டிலும் அதே குணம்தான். அடுப்பை அணைத்ததை இரண்டு தரம் பார்ப்பாள், பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், லாரி ஓட்டும் கணவன் வசந்தன் சாப்பிட்டேன் என்று சொன்னால் எங்கே, என்ன என்று கேட்பாள். கண்ணால் காணாத எதையும் நம்பாத பிறவி. அப்படிப்பட்டவளுக்குக் கண்ணால் கண்டதையே நம்ப முடியாத நிலைமை வந்தால் என்ன செய்வாள், பாவம்.

அந்தக் கேமராவை விளையாட்டுக்கு வைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் பழனியாண்டி அடுப்பில் தண்ணீர் கொதிக்கக் கெத்தலை வைத்துவிட்டு மறந்துபோய், அது கருகி, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஓடி வந்து அணைத்தார். எழுபத்தொன்பது வயது. சில நாள் தெளிவாக இருப்பார், சில நாள் கிழமை தெரியாது. பிரேமாவதி அவரைக் குருணில் தன் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் கைலியோடு இறங்கிப்போய்ப் பெருஞ்சாலையில் நின்று மெர்போக்குக்குப் பஸ் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வசந்தன் அலோர் ஸ்டாரில் ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்து வைத்தான். கெட்ட மனிதன் இல்லை அவன், பயந்த மனிதன்.

"நாள் பூரா அவரைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியும்னா அங்கேயே இருக்கட்டும்" என்றான். "முடியலன்னா அந்த மாசம் முடிஞ்சி ஒண்ணாந் தேதி கொண்டுபோய் விட்டுருவோம். அவரு கருகிக் கிடந்து நாம பார்க்கக் கூடாது பிரேமா."

அப்பாவைக் கொண்டுபோய் விட மாட்டேன் என்று அவள் அப்பாவின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். ஆகவே அந்த வீட்டில் பழனியாண்டி இருக்க முடியுமா முடியாதா என்பது, அந்தச் சின்னத் திரையில் அவர் தெரிகிறாரா இல்லையா என்பதில் வந்து நின்றது.

அந்தத் திரைக்கு வழி போட்டுக் கொடுத்தவர் நடராஜா. மெர்கோங்கில் இருக்கிறார், தொலைபேசிக் கேபிள் இழுக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பிரேமாவதியும் அவரும் ஒரே தோட்டம். அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு, யாரும் சொன்னதில்லை. ஆத்தோரத் தோட்டம் என்றால்தான் தெரியும். இருபத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் அதை விற்று, கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்து, வரிசையாய் இருந்த லயன் வீடுகளை இடித்தார்கள். ஜனங்கள் மூலைக்கு ஒருவராய்ப் போனார்கள். இப்போது அவர்கள் கூடுகிற இடம் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் காலை வணக்கமும் கருமாதிச் செய்தியும் ஓயாமல் வரும்.

தோட்டத்துப் பெரியவர்கள் பலர் வீட்டில் இப்படிக் கேமரா வைக்க ஆரம்பித்தபோது நடராஜாவுக்குக் கோபம் வந்தது. நம் வீட்டுக் கூடம் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து நமக்கே திரும்பி வருவதா? அவர் தேடிப்பிடித்தது ஒரு இலவச மென்பொருள். அதை எழுதியவர்கள் உள்ளே இருப்பதை ஒளித்து வைக்கவில்லை, யாரும் பிரித்துப் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிகள் பொது இணையத்தின் மேலேயே தங்களுக்குள் ஒரு தனி வழி போட்டுக்கொண்டு, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். நடராஜா வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. அது யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்லி அறிமுகம் செய்து வைக்கும், அவ்வளவுதான்.

"பெரட்டு மாதிரி" என்று குழுவில் குரல் பதிவு போட்டார். தோட்டத்தில் விடியற்காலையில் மண்டோர் என்கிற கங்காணி எல்லாரையும் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். "பெரட்டுல வந்து பேர் குடுத்திட்டு அவனவன் மர நெரைக்குப் போயிருவான்லா? அப்புறம் மண்டோர் எதுக்கு? அதே கதைதான்."

இது எல்லாருக்கும் புரிந்தது. அடுத்து அவர் செய்ததும் எல்லாருக்கும் புரிந்தது. தனி வழியில் சேரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் வேண்டும். கைக்கு வந்த எண்ணைக் கொடுத்தால் எந்த வீடு எது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவர் எழுதிப் போட்ட குறிப்பில் ஏழாவது வரி இப்படி இருந்தது: கடைசி எண்ணாக, தோட்டத்தில் உங்கள் வீட்டு நம்பரைப் போடவும். சொந்தப் போன் நம்பர் மறந்துபோன கிழவர்களுக்கும் லயன் வீட்டு நம்பர் மறக்கவில்லை. ஐந்தாம் நம்பர், இருபத்தேழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்று வீடுகள் ஒவ்வொன்றாய் மறுபடியும் முளைத்தன. பழனியாண்டியின் வீடு பதினாலு. எல்லாருக்கும் ஒரே ரகக் கேமராவை வாங்கச் சொல்லி, ஒரே கடவுச்சொல்லையும் கொடுத்திருந்தார். நம்ம ஆளுங்கதானே என்றார்.

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகுதான் தையல்காரி வந்தாள்.

ஒரு நாள் வந்து போயிருந்தால் பிரேமாவதி கண் அசதி என்று விட்டிருப்பாள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அவள்தான். அதற்கு மறுநாள் காலையில் அப்பா, சாயங்காலம் அவள். ஒரே நம்பர், ஒரே பக்கம், திறந்தால் சில நேரம் அப்பா வீடு, சில நேரம் அந்த வீடு. வசந்தனிடம் சொன்னால் ஒன்றாம் தேதிப் பேச்சு வந்துவிடும் என்று சொல்லவில்லை. பக்கத்தில் சாப்பிடுகிறவளிடம் காட்டினால், "அக்கா, உங்கப்பா ஆளு வச்சிருக்காரு லா" என்று சிரித்தாள். பிரேமாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நினைப்பு அவளுக்கும் ஒரு நொடி வந்து போயிருந்தது.

சனிக்கிழமை லீவு போட்டு மெர்போக்குக்குப் போனாள். போனவள் அப்பாவுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் அறை அறையாக நுழைந்து பார்த்தாள். பச்சைத் திரைச்சீலைக்காக அலமாரியைக் குடைந்தாள். கடைசியில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"என்னத்தத் தேடுற?" என்றார் பழனியாண்டி.

"ஒண்ணுமில்ல."

"திருடன் வூட்ல பூந்து தேடுற மாதிரி தேடுற. சொன்னா நானும் தேடுவேன்லா."

என்னவென்று சொல்லுவது? வெட்கமாக இருந்தது. அப்பா மேல் சந்தேகப்பட்டதை நினைத்து அழுகையும் வந்தது. கிழவர் கிரில் கதவை என்றைக்கும் பூட்டுவதில்லை, லயன் வீட்டுப் பழக்கம். அதற்காக அவரைத் திட்டி அழுகையை மறைத்துக்கொண்டாள்.

நடராஜாவைக் கூப்பிட்டாள். அவர் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார். அணைத்துப் போட்டாள், அப்பா வந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் திறந்தால் தையல்காரி. ஒயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னார். அதையும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போனில் சொல்லிச் செய்ய வைத்தாள். ஒரு நாள் சரியாக இருந்தது, மறுபடியும் தையல்காரி. அவள் எதைச் செய்தாலும் பலன் இருந்தது, எதுவும் நிலைக்கவில்லை. கிலாங்கில் குற்றம் இருந்தால் அது ஓரிடத்தில் இருக்கும், விரல் வைத்துக் காட்டலாம். இதில் எங்கே விரல் வைப்பது?

நாள் போகப் போக அந்தப் பெண் மேல் ஒரு எரிச்சல் வளர்ந்தது. மெஷின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருப்பாள். நாலு தையல் தைத்துவிட்டு அதைப் பார்ப்பாள். சில சமயம் பார்த்தபடியே கை நின்றுவிடும். எங்கள் அப்பாவைக் காணோம், இவள் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று பிரேமாவதி பல்லைக் கடிப்பாள். இருந்தாலும் முகத்தை அருகே இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கேமரா மேலிருந்து பார்ப்பதால் வகிடும் மூக்கும்தான் தெரியும்.

மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது நடராஜா தானே கூப்பிட்டார். குரலில் கொஞ்சம் அசடு வழிந்தது.

"தங்கச்சி, தப்பு பெட்டியில இல்ல. என்கிட்டத்தான். என் வூட்டுப் பெட்டியில யார் யார் வந்திருக்கான்னு இன்னைக்கித்தான் உக்காந்து பார்த்தேன். பதினாலு ரெண்டு இருக்கு."

"ரெண்டுன்னா?"

"பெரட்டுல பதினாலுன்னு கூப்பிட்டா ரெண்டு பேரு கையைத் தூக்குறாங்க. உன் போனு பதினாலு எங்கேன்னு கேக்குது. எவன் முந்திப் பதில் சொல்றானோ அவனைப் பிடிச்சிக்குது. கொஞ்ச நேரம் கழிச்சி மறுபடி கேக்குது, அப்ப மத்தவன் முந்திக்கிறான்."

"அப்ப அந்தப் பொம்பள?"

"அவங்க வூடும் பதினாலு. ஏழாவது வரியப் பார்த்து அவங்களாப் போட்டிருக்காங்க. அந்தக் குறிப்பை எத்தனை பேரு எத்தனை பேருக்குத் தள்ளி விட்டாங்களோ, எனக்கு என்ன தெரியும்? யாரு சேர்றாங்கன்னு நான் கேக்கவே இல்ல. ரகசிய வார்த்தை தெரிஞ்சா நம்ம ஆளுதானேன்னு விட்டுட்டேன். நீயே சொல்லு, உங்க வூட்ல இன்னும் யாரு இருக்கா?"

"யாருமில்லண்ணே. நான் ஒருத்திதான்" என்றாள் பிரேமாவதி.

சொல்லிப் பழகிய பதில். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாள், கணவன் வீட்டிலும் அதையே சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. ஆனால் பதினாலாம் நம்பர் வீட்டில் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் குணசுந்தரி. இருபத்தொரு வயதில் அவளை அத்தை மகனுக்குப் பேசி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, தோட்டத்துக்கு மளிகைச் சாமான் கொண்டுவரும் வேன்காரரோடு அவள் போய்விட்டாள். பழனியாண்டி கத்தவில்லை, தேடவில்லை. நேராக ஆற்றுக்குப் போய், கட்டிய வேட்டியோடு இறங்கித் தலைமுழுகிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மாகூடச் சொல்லாமலே செத்துப்போனாள். பிரேமாவதிக்கு அப்போது பதின்மூன்று வயது. முதலில் பயத்தில் சொல்லாமல் இருந்தாள், பிறகு பழக்கத்தில் சொல்லாமல் இருந்தாள், முப்பத்து மூன்று வருடத்தில் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

"அப்ப வேற யாரோ தப்பாப் போட்டிருப்பாங்க" என்றார் நடராஜா. அவர் இள வயதிலேயே கூலிமுக்கு வேலைக்குப் போனவர், பதினாலாம் நம்பர் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. "குழுவுல கேக்குறேன். ஒருத்தர் நம்பரை மாத்தினா முடிஞ்சிச்சி."

குழுவில் கேட்டார். பதில் இல்லை, பத்துப் பேர் கும்பிடு மட்டும் போட்டார்கள். பிரேமாவதியும் ஒன்றும் எழுதவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்லுவாள். தெரிந்தால் அடுத்து ஏதாவது செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. ஆகவே தெரியாமலே இருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணி. சாப்பாட்டை வைத்துக்கொண்டு திறந்தாள். தையல்காரி. வழக்கம்போல மெஷின் மேல் போன். பிரேமாவதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் கை நின்றது. போனை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி எழுந்த வேகத்தில் துணியெல்லாம் கீழே சரிய, கேமரா பக்கமாக ஓடி வந்தாள், சுவரில் சுவிட்சைத் தட்டினாள். திரை கறுத்தது.

வெளியே போகும்போது எல்லாச் சுவிட்சையும் அணைப்பது நம் பெண்களின் பழக்கம். வீடே பற்றி எரிந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஓடுவார்கள். அதனால் அந்த வீட்டுப் பதினாலு இல்லாமல் போயிற்று. மிஞ்சியது ஒரே பதினாலு. அரை நிமிடத்தில் திரையில் அப்பா வீட்டுக் கூடம் வந்தது. பிரம்பு நாற்காலி சாய்ந்து கிடந்தது. பழனியாண்டி தரையில் குப்புறக் கிடந்தார். ஒரு கை மட்டும் அசைந்தது.

பிரேமாவதி போட்ட சத்தத்தில் சாப்பாட்டு அறை முழுதும் எழுந்து நின்றது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். மேற்பார்வையாளர் தன் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மெர்போக் அரை மணி நேரத்துக்குக் குறையாது. வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாவின் கை அசைவது நின்று, மறுபடி அசைந்தது. "அப்பா, அப்பா" என்று அவள் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், கேமராவுக்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது என்பதே மறந்துபோயிற்று.

பெடோங்கைத் தாண்டும்போது திரையில் கதவு திறந்தது. பூட்டாத கிரிலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே ஓடினாள். அதே பெண். மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அதே பெண், தலையில் மோட்டார் சைக்கிள் தொப்பியோடு, கழுத்தில் அளவு டேப்போடு, இப்போது நிஜமாகவே அப்பா வீட்டில். கிழவரைப் புரட்டினாள். தலையை மடியில் எடுத்து வைத்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். பிரேமாவதிக்கு ஒரு கணம் எந்த வீடு எது, எது நிஜம், எது கோளாறு என்று ஒன்றுமே பிடிபடவில்லை. அந்தப் பெண் தொப்பியைக் கழற்றித் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தாள். முகம் முழுதாகத் தெரிந்தது.

"யாருங்க அது? தெரிஞ்சவங்களா?" என்றார் மேற்பார்வையாளர்.

"எங்கக்கா" என்றாள் பிரேமாவதி. அந்த வார்த்தையைச் சொல்லி முப்பத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அவள் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து பார்த்து முடித்திருந்தார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. காலையில் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டதால் மயக்கம், முழங்கையில் சிராய்ப்பு. பழனியாண்டி நிமிர்த்தி வைத்த நாற்காலியில் கட்டுப் போட்ட கையோடு, மைலோ குடித்துக்கொண்டிருந்தார். குணசுந்தரி உள்ளே இல்லை. தங்கை வருவதைப் பார்த்ததுமே வெளியே போய்க் கேட்டுக்குப் பக்கத்தில் தன் மோட்டார் சைக்கிள் அருகே நின்றுகொண்டாள். நரைத்த தலை, வீங்கிய கண், விரலில் ஊசி குத்திய தடங்கள்.

"பிரேமா" என்றாள்.

கட்டிப்பிடித்து அழ வேண்டுமா, இத்தனை வருடம் எங்கே போனாய் என்று கேட்க வேண்டுமா, இத்தனை வருடம் நான் ஏன் தேடவில்லை என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டுமா? பிரேமாவதியின் வாயில் வந்தது வேறு.

"நீ எப்படிப் பார்த்த?"

"என் மக வாணி பினாங்குல வேலை செய்யிறா. அவங்கப்பா போனதுக்கப்புறம் சுங்கை பட்டாணியில நான் தனியா இருக்கேன்னு அவதான் பெட்டி வச்சிக் குடுத்தா. உங்க தோட்டத்துல வூட்டு நம்பர் என்னம்மான்னு கேட்டா. சொன்னேன். மறுநாளே போன் பண்ணி, அம்மா உன் வூட்ல ஒரு தாத்தா உக்காந்திருக்காருன்னு சொல்லிச் சிரிக்கிறா." குணசுந்தரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் பார்த்ததும் புரிஞ்சிச்சி. சொல்லியிருக்கணும். சொன்னா சரி பண்ணிருவாங்க, அப்புறம் பார்க்க முடியாதுன்னு சொல்லல. ஒரு மாசமா அவரைப் பார்த்துக்கிட்டேதான் தச்சேன். இந்த வூடு எங்கேன்னு எப்பவோ விசாரிச்சி வச்சிருந்தேன், வரத்தான் தைரியம் இல்ல."

அவள் போனைப் பார்த்துச் சிரித்தது எதற்கு என்று அப்போதுதான் பிரேமாவதிக்கு உறைத்தது. தான் பல்லைக் கடித்ததை நினைத்து உடம்பு கூசியது.

போன் அடித்தது. நடராஜா. சேதி கேட்டுப் பதறிப்போயிருந்தார். "தங்கச்சி, எல்லாம் என் தப்பு. இப்பவே சரி பண்ணிர்றேன். அந்த இன்னொரு பதினாலு யாருன்னு தெரிஞ்சிச்சா? யாரு நம்பரை மாத்திக்கிறாங்கன்னு மட்டும் சொல்லு, ரெண்டு நிமிஷ வேலை."

குணசுந்தரி போனில் வந்ததைக் கேட்டாள். "எனக்கே மாத்தச் சொல்லு" என்றாள். "அது அவரு நம்பரு. நான் எப்பவோ விட்டுட்டுப் போனவ. ஏதோ ஒரு நம்பரு போடட்டும்."

உள்ளேயிருந்து பழனியாண்டி சத்தம் போட்டார். "யாரு அது கேட்டுக்கிட்ட? எந்த வூட்டுப் புள்ள?"

தோட்டத்தில் அப்படித்தான் கேட்பார்கள். பெயரைக் கேட்பதில்லை, வீட்டைத்தான் கேட்பார்கள். பிரேமாவதி அப்பாவைப் பார்த்தாள். அது அவருக்குத் தெளிவான நாளா, தெளிவில்லாத நாளா என்று அந்த முகத்தில் தேடினாள். தன் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தவளை நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்துகொண்டுதான் கேட்கிறாரா? இருபத்தாறு வருடம் குற்றம் கண்டுபிடித்த கண்ணுக்கு அது மட்டும் பிடிபடவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அக்காள் சொல்லிவிட்டாள்.

"பதினாலாம் நம்பருங்க."

பழனியாண்டி மைலோவைக் கீழே வைத்தார். வைக்காத போனில் நடராஜா ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பதினாலா? அது நம்ம வூடாச்சே" என்றார் கிழவர். "அப்புறம் என்னா வெளிய நிக்கிற? உள்ள வா."

குணசுந்தரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரேமாவதி அவள் கையை நிலையிலிருந்து விடுவித்து, உள்ளே கூட்டிப்போய் அப்பாவுக்கு எதிரில் உட்கார வைத்தாள். அவர் கட்டுப் போட்ட கையால் பிஸ்கட் டின்னை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அக்கா, மெஷினை இங்க கொண்டு வந்து போட்டா தைக்க முடியாதா?" என்றாள் பிரேமாவதி மெதுவாக. "ஒண்ணாந் தேதி அவரை முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விடச் சொல்றாரு எங்க வூட்டுக்காரரு."

"மெஷினுக்கு என்னா, எங்க போட்டாலும் ஓடும்" என்றாள் குணசுந்தரி.

பிரேமாவதி போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே, யாரும் நம்பரை மாத்தல. வந்து ஒரு பெட்டியக் கழட்டிட்டுப் போங்க" என்றாள். "ஒரு வூட்டுக்கு ஒண்ணு போதும்."